வேண்டாத வடிகட்டி

வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் சுவர். பக்கத்து அறைப் பேச்சை ஒட்டுக் கேட்பவரைப் போலத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"என்னப்பா, சுவத்துல படம் ஓடுதா?"

"ஷ்ஷ்... கொஞ்சம் பேசாம இரும்மா. யாரோ மூச்சு விடறாங்க. இல்ல, இழுக்கறாங்க."

அவள் சிரித்தாள். அவர் காதுகளில் இருந்த செவிக்கருவிகள் அவள் கைவேலை. காதுக்குள்ளேயே மறைந்துவிட வேண்டும் என்று அவளுடைய நிறுவனம் குட்டிச் சில்லு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதன் நினைவகம் பழையதில் பாதிகூட இல்லை. "யானையைப் பானைக்குள்ள அடைக்கணும். உங்களால முடியும்" என்று சொல்லிவிட்டு மேலாளர் நழுவிவிட்டார். வாரக்கணக்கில் அவள் நிரலைச் சுரண்டினாள். அட்டவணைகளைச் சுருக்கினாள். ஒரே இடத்தை இரண்டு வேலைக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாள். அப்படியும் அடங்கவில்லை.

மிஞ்சியது ஒரு வடிகட்டி. ஏதோ ஓர் ஒலியை மட்டும் கண்டுபிடித்து அழிக்கும் பகுதி. நினைவகத்தில் பெரும் பங்கை அதுவே விழுங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். யாரோடும் பேசாததால் அலுவலகத்தில் அவருக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். தெரு இரைச்சல், மின்விசிறி, பாத்திரச் சத்தம் என்று எதைப் போட்டுப் பார்த்தாலும் அந்த வடிகட்டி அசையவில்லை. எடுத்துவிட்டாள். எல்லாம் கச்சிதமாக அடங்கியது. பழைய கருவிகளுக்கும் புதிய நிரலே போதும் என்று முடிவாகி, அன்று காலை கருவி வைத்திருந்த எல்லோருக்கும் அனுப்பியாயிற்று.

"குடுங்க, நானும் கேக்கறேன்." அப்பாவின் இடது காதுக் கருவியைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

குளிர்பெட்டியின் முனகல், குழாய்ச் சொட்டு, மாடிப்படிக் காலடிகள், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் கிறீச்சொலி. இவை எல்லாவற்றுக்கும் அடியில், வெகு அருகில், ஈரமாக, நிதானமாக ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு. அது எப்போது முடியும், எப்போது வெளியே விடும் என்று காத்திருந்தாள். முடியவில்லை. உள்ளே. இன்னும் உள்ளே.

கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

ஊமைக்கோட்டானின் எண்ணைத் தேடி அழைத்தாள். அவருடைய மனைவி எடுத்தார்.

"அவருக்குக் காது கேக்காதும்மா. வேலையை விட்ட வாரமே தானே கெடுத்துக்கிட்டார். என்னன்னு சொல்லுங்க, எழுதிக் காட்டறேன்."

வடிகட்டியை எடுத்ததைச் சொன்னாள். பேனா காகிதத்தில் உரசும் ஓசை. நாற்காலி ஒன்று விழும் ஓசை.

"எத்தனை பேருக்குப் போச்சுன்னு கேக்கறார்."

"எல்லாருக்கும்."

"நீங்க... கேட்டுட்டீங்களாம்மா?"

"கேட்டேன். பழைய நிரலை ராத்திரிக்குள்ள திருப்பி அனுப்பிடறேன்னு சொல்லுங்க."

பேனா மறுபடி உரசியது. பிறகு அந்த அம்மாளின் குரல் தேய்ந்து வந்தது. "ஒரு தடவை கேட்டுட்டா, அப்புறம் கருவி தேவையில்லையாம். மன்னிச்சுக்கச் சொல்றார்மா."

இணைப்பு அறுந்தது.

"அப்பா?"

அவர் வாய் திறந்திருந்தது. நெஞ்சு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது இறங்கவில்லை. ஓடிப்போய் வலது காதுக் கருவியையும் உருவினாள். நிற்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். விலா எலும்புகள் சட்டைக்குள் விரிவது விரல்களில் தெரிந்தது. ஒரு பொத்தான் தெறித்தது.

"அப்பா, விடுங்க! மூச்சை விடுங்கப்பா!"

கண்கள் அவளைத்தான் பார்த்தன. கெஞ்சின.

ஜன்னலைத் திறந்தாள். உதவிக்கு யாராவது. எதிர்வீட்டு மாடியில் வயதான தம்பதி கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்றிருந்தார்கள். வாய்கள் திறந்திருந்தன. கீழே, கடை வாசலில், ஒரு பெரியவர். பேருந்து நிறுத்தத்தில் இருவர். எல்லோருக்கும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. நெஞ்சுகள் ஏறிக்கொண்டிருந்தன.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

மூச்சு உள்ளே போனது. இன்னும் போனது.