கவிழ்த்துப் பதித்த கல்

பெர்சிதா ஒயின் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீரில் வினிகர் கலந்து கேட்டாள்.

இறந்த டோக்கியாவுக்கென்று வாங்கிய புதுச் சட்டையும் பாவாடையும் அணிந்து, டோக்கியாவின் நாற்காலியில் பக்கத்து வீட்டுப் பெர்சிதா உட்கார்ந்திருந்தாள். நாற்பதாம் நாள் அவள் உண்பது டோக்கியாவைச் சேரும். சேராவிட்டால் டோக்கியா அங்கே என்றைக்கும் பட்டினி. மனைவி போனபின் டிரைலோ எதையும் நம்பவில்லை. இதை மட்டும் நம்பினான்.

"வினிகரா?" என்றார் கல்தச்சர் பொகோசாவ். "புளிப்பு கேக்குதோ? உம் புருஷன் செத்து ஒம்பது வருஷமாச்சே, பெர்சிதா!"

மேசை முழுக்கச் சிரித்தது. பெர்சிதா சிரிக்கவில்லை.

பொகோசாவ் டிரைலோவின் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, கல்லறைக்குக் கோட்டைக் கல்லத்தான போட்ட? பழைய பேரச் செதுக்கி எடுத்தேல்ல?"

டிரைலோ தட்டைப் பார்த்தான். வரலாறு சொல்லிக்கொடுப்பவன். ஆற்றங்கரைக் கோட்டையில் இருந்த ரோமப் படைவீரன் ஒருவனின் கல்லறைக் கல் அது; இரண்டாயிரம் வருடத்து எழுத்தின்மேல் உளியை வைக்கக் கை வரவில்லை.

"கவிழ்த்துப் பதிச்சுட்டேன், மாமா. பின்பக்கம் டோக்கியா பேரு இருக்கு."

"அடப்பாவி. பன்னித் தொட்டிக்கே பேரச் செதுக்கி எடுத்துட்டுத்தானடா போடுவோம்."

யாரும் சிரிக்கவில்லை. எதிர்க்கரை ருமேனியாவை மறைத்துக்கொண்டு ஆற்றிலிருந்து ஏறிய பனி, முற்றத்து வேலியைத் தாண்டி மேசைக்கடியில் புகுந்து கால்களைச் சுற்றியது. முட்டைக்கோஸ் வாசமும் சாம்பிராணி வாசமும் அடங்கி, நனைந்த தோலும் துருவும் குதிரை வியர்வையும் கலந்த ஒரு நாற்றம் பெர்சிதா இருந்த பக்கத்திலிருந்து மெல்லப் பரவியது. கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் கரண்டி நிற்கவில்லை. கறியை வாரினாள். எலும்பைக் கடித்து உடைத்தாள். டோக்கியா கறி தொடமாட்டாள்.

"மெதுவா சாப்பிடுங்கக்கா," என்றான் டிரைலோ.

"இருபத்தஞ்சு வருஷம் வினிகர்த் தண்ணியக் குடிச்சுக்கிட்டு இந்தக் கரையக் காத்தேன்." குரல் பெர்சிதாவுடையதுதான். "எனக்குன்னு ஒருத்தனும் ஒரு வாய் சோறு வெக்கல. நீதான் வெச்ச."

"டோக்கியா எங்க?"

"என் கல்லுக்குக் கீழ. எம் பேரு அவ மூஞ்சி மேல படுத்திருக்கு. எம் பேரு எது மேல இருக்கோ, அது எனக்கு." எலும்பைத் துப்பினாள். "நல்லா வேலை செய்யுறா. பட்டினி போட்டா இன்னும் நல்லா செய்யுறா."

டிரைலோ எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

வினிகர் ஜாடி மேசையிலிருந்து எழுந்தது. யாரும் தொடவில்லை. காற்றில் நடுங்கியது. ஒரு துளி சிந்தியது.

பெர்சிதா காற்றை ஓங்கி அறைந்தாள்.

கன்னத்தில் விழும் சத்தம்.

"உக்காரு, டோக்கியா," என்றான் டிரைலோ. "வா. சாப்பிடு."

ஜாடி அவன் பக்கம் திரும்பியது. ஒரு கணம். பிறகு பணிந்து சாய்ந்து, பெர்சிதாவின் குவளையில், ஒரு துளியும் சிந்தாமல் ஊற்றத் தொடங்கியது.