யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?

சட்ட ஆசிரியை, வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் வந்து இறங்கியபோதே பாதி உயிர்தான் மிச்சமிருந்தது. இரவு முழுக்க பஸ். வனக் காவலர்களுக்குச் சட்டம் சொல்லித்தர வருகிறவளுக்கு ஒரு ஜீப் அனுப்பினால் காடா அழிந்துவிடும்? சாயங்கால பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். மகள் நிறைமாதம். வலி எடுப்பதற்குள் வந்துவிடுவேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

வகுப்பறை ஒருகாலத்தில் லாக்கப்பாக இருந்தது. வெள்ளையடித்து பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆனாலும் காயாத காக்கித் துணியின் வாடை அந்த அறையை விட்டுப் போகவில்லை.

"இந்த ரூம்லதான் ஒரு விறகுவெட்டிய அடைச்சாங்க," என்று வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தாள். "அவன் வீட்டுக்கு ரேஞ்சர் தகவல் சொல்லல. காய்ச்சல்ல ஆள் போயிட்டான். பொண்டாட்டி காடெல்லாம் தேடிக்கிட்டிருந்தா. நீங்க கூட்டம் போட்டா அவன் ஊர்க்காரங்க ஏன் வர்றதில்லன்னு இப்ப புரியுதா?"

"அந்த ரேஞ்சர் என்ன ஆனாரு மேடம்?" என்றார் கொட்டாவியை விழுங்கிய ஒரு காவலர்.

"அதையே நெனச்சு நெனச்சு, இங்கயே செத்துப்போனாரு."

அடுத்து கைது ஒத்திகை. கைதியாக உட்கார ஒருவருக்கும் மனமில்லை. கெஞ்சித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். போகட்டும் என்று சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"வீட்ல யாருக்கும்மா சொல்லணும்?"

காதருகே, வயதான, களைத்த குரல். எவ்வளவு பணிவு! ஒருத்தராவது பாடத்தைக் கவனித்தாரே என்று மனம் குளிர்ந்துபோனது. "என் மகளுக்கு," என்றவள், அசதியில் வீட்டு விலாசத்தையும் உண்மையாகவே சொல்லிவிட்டாள்.

கண்ணைத் திறந்தாள். காவலர்கள் எல்லோரும் எதிரே, தள்ளி நின்றார்கள்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

"கேட்டது யாரு?"

"யாரும் எதுவும் கேக்கலையே மேடம். நீங்களாத்தான் பேசினீங்க."

தூக்கக் கலக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வகுப்பை ஒப்பேற்றினாள். காவலர்கள் ரோந்துக்குக் கிளம்பிப் போனார்கள். அவள் பையை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா..." மகளின் குரல் நடுங்கியது. "வாசல்ல ஒரு பெரியவர் வந்தாரு. அந்தக் காலத்துக் காக்கி டிராயர். உன்னை அரெஸ்ட் பண்ணி வச்சிருக்காங்களாம். தேடி அலைய வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டு அழுதாரு."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். "கதவைச் சாத்திக்கோடி. நான் கிளம்பிட்டேன்."

"அவரு போயிட்டாரும்மா. வாசல் கேட் பூட்டினபடியே இருக்கு. எப்படிப் போனாருன்னே தெரியல. அம்மா, எனக்கு இடுப்பு வலிக்குது. சீக்கிரம் வா."

போன் அணைந்தது.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. உள்தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். மகளை இனிப் பார்க்கவே முடியாதோ?

ஈரக் காக்கி வாடை மூக்கை அடைத்தது.

வெளியே யாரோ பூட்டை இழுத்துப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டேன்மா," என்றது அந்தக் களைத்த குரல், கதவுக்கு மறுபக்கம். "இந்தத் தடவை மறக்கல."