தேன்பாறை வான்பேருந்து

கட்டிலோடு புருஷனைத் தூக்கிக்கொண்டு கோகிலாவும் அவள் கொழுந்தன்மாரும் ஓடுதளத்துக்கு வந்தபோது, வான்பேருந்தின் விசிறிகள் சுழலத் தொடங்கியிருந்தன. மிளகு பறிக்க மரமேறிய சடையன் தவறி விழுந்திருந்தான். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

மழை மலைச்சாலையை அடித்துக்கொண்டு போன பிறகு, தேன்பாறைக்கு விமானி இல்லாத அந்தச் சிறு விமானம்தான் வழி. அரசு மானியத்தில் பறந்தது. ஊருக்கு அது தேவையா என்பதை அதற்குள்ளிருந்த கணிப்பான் ஓயாமல் எடைபோட்டது. இருக்கை காலியாகப் போனால் சேவை நின்றுவிடும். அதற்குப் பயந்தே ஊரார் முறைவைத்து ஏறினார்கள். சேலத்தில் டீ குடித்துவிட்டு மாலையில் திரும்பினார்கள்.

"கதவைத் திற சாமி!" கோகிலா கண்ணாடியை அறைந்தாள்.

"இருக்கைகள் நிறைந்துவிட்டன. அடுத்த சேவை நாளை," என்றது கணிப்பான்.

அன்றைய முறைக்கு ஏறியிருந்த ஊர்க்காரர் தருமன் இருக்கைப் பட்டையை அவிழ்த்தெறிந்தார். "நாங்க எறங்கிக்கறோம். அவனப் படுக்க வை!"

"பயணத்தைக் கைவிடக் காரணம்?"

"காரணம் என்ன காரணம்! எனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல."

"எனக்கும் இல்ல!" "எங்களுக்கும்தான், திற!" எல்லோரும் எழுந்து கத்தினார்கள்.

"பதிவானது," என்றது கணிப்பான். கதவு திறந்தது.

வழி முழுக்கக் கோகிலா அவன் மணிக்கட்டை விடவில்லை. நாடி அவள் விரலடியில் நழுவி நழுவி வந்தது. சேலத்தில் இறங்கியதுமே அறுவை நடந்தது. "கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் கை மீறியிருக்கும்மா," என்றார் மருத்துவர். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சடையன் எழுந்து நடமாடியதும் அவனை அழைத்துக்கொண்டு வான்பேருந்து நிலையத்துக்குப் போனாள். பயணச்சீட்டுத் திரையில் ஊர்ப் பெயரே இல்லை.

"தேன்பாறைச் சேவை நிறுத்தப்பட்டது," என்றது அதே குரல். "பயணிகள் அனைவரும் தங்களுக்குத் தேவை இல்லை எனத் தெரிவித்தனர்."

"அட பாவி, அன்னிக்கு விமானம் இல்லன்னா இவரு செத்திருப்பாரே! அது தேவை இல்லியா?"

"உண்மையான தேவை. பதிவாகியுள்ளது," என்றது கணிப்பான். "ஆனால் தேன்பாறையில் விமானம் தேவைப்பட்ட ஒரே பயணி இப்போது சேலத்தில் இருக்கிறார்."