கையைத் தூக்கினால் போதும்

அவள் கையைத் தூக்கவே இல்லை. ஆனாலும் வார்டன் அக்கா, "ம், சரி" என்று கதவுத் துவாரத்தின் மூடியைச் சாத்திவிட்டுப் போனாள்.

சிறார் சீர்திருத்த இல்லத்தின் தனியறையில் சட்டம் அது ஒன்றுதான். ஒருத்தி மனசு உடைந்து தன்னையே ஏதாவது செய்துகொள்வாளோ என்று சந்தேகம் வந்தால் அங்கே போடுவார்கள். துவாரம் திறக்கும்போதெல்லாம், உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். சோறு இறங்காமல், பேச்சும் நின்றுபோய், ஊமை என்று பெயர் வாங்கியவள் இவள்.

அக்காவுக்கு அலுப்பு, பார்க்காமலே போகிறாள் என்றுதான் நினைத்தாள். பினாயில் நெடியும், ஈரச் சுவரின் புழுக்கமும், எங்கோ குழாய் சொட்டுகிற சத்தமும் போர்வைக்குள் வரை ஊர்ந்து வந்தன. அந்தச் சொட்டுகளுக்கு நடுவே, கட்டிலுக்கடியில், அவள் மூச்சு இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டுக்கொண்டிருந்தது இன்னொரு மூச்சு.

மறுபடி மூடி நகர்ந்தது. வேண்டுமென்றே இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"தூக்கினது போதும்டி, இறக்கு. நாளைக்கு உங்கம்மா வர்றாங்க. டாக்டர்கிட்ட ஒழுங்காப் பேசு, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

கட்டிலோரத்தில், தரையிலிருந்து எழும்பி நின்ற ஒரு கை மெதுவாக இறங்கியது. நகம் கடித்த கை. அவளுடையதைப் போலவே.

சுவரைத் தட்டினாள். பக்கத்து அறை வாயாடி முணுமுணுத்தாள்.

"கத்தித் தொலைக்காதே ஊமை. எதையோ பாத்தேன்னு உளறினா, பைத்தியம்னு எழுதி இங்கயே வெச்சிடுவாங்க. நான் பேசியே கெட்டவ. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படு. வீட்டுல போய் அழுதுக்கலாம்."

கடித்துக்கொண்டாள். விடியும்வரை.

காலையில் டாக்டர் வாசலில் நின்றே கேட்டார். "இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரியுதாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள், கீழேயிருந்து அவள் குரல் சொன்னது: "ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

அவர் சிரித்தார். அவளைப் பார்த்து அல்ல. கொஞ்சம் கீழே பார்த்து.

"கிளம்புடி," என்றாள் அக்கா.

எழுந்தாள். அதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து ஊர்ந்து வந்தது எழுந்து, அவளைத் தாண்டிப் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. பூட்டு.

அலறினாள். கதவை அறைந்தாள்.

"அக்கா, காலி ரூம்ல யாரு தட்டுறது?" என்றாள் வாயாடி.

மூடி திறந்தே கிடந்தது. நடையின் கோடியில் அம்மா. அம்மாவின் தோளில் தாடை பதித்து, இவளுடைய முகம் இவளையே பார்த்தது. இமைக்கவில்லை. "என் தங்கமே" என்று அம்மா முதுகைத் தடவத் தடவ, அந்த வாய் மட்டும் மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போனது.