பக்கத்துக் கிண்ணம்

2187, மார்ச் 9. இன்றும் அதே சிறு தவறு. கிண்ணத்தை ஒரு குழி நகர்த்தினேன், பதிவேட்டில் எழுதவில்லை.

காந்திமதி பேனாவை மூடினாள். செவ்வாய்க் குடியிருப்பில் விரலை இழந்தவர்கள் மாலை வகுப்பில் சேர்ந்து, புதுவிரலைத் தாங்களே வளர்த்துக்கொள்வார்கள். இவளுடைய கட்டைவிரல் காற்றடைப்புக் கதவில் போனது. பத்து விரலும் இருந்தால்தான் வெளிவேலை. காலியாக இருந்ததோ ஒரே ஒரு வேலை. அதற்குப் போட்டி, முதல் குழியில் சுண்டுவிரல் வளர்க்கும் சீராளன்.

வகுப்பில் நீளமான ஊட்டநீர்த் தொட்டி ஒன்று. அதில் பத்துக் குழிகள். குழிக்கு ஒரு சல்லடைக் கிண்ணம், அதனுள் ஒரு விரல்மொட்டு. இந்த முறை இரண்டே பேர் என்பதால் நடுக்குழிகள் காலி. சொட்டுக்குழாயோடு சீராளன் குனியும்போதெல்லாம் அவளுக்குச் சந்தேகம். தன் கிண்ணத்திலும் எதையாவது விட்டுவிடுவானோ? கண்காணிக்க வசதியாக, பத்தாம் குழியிலிருந்து வாரம் ஒரு குழியாக இரண்டாம் குழிக்கே வந்துவிட்டாள்.

மறுநாள் பார்த்தால், மொட்டு ஒல்லியாக நீண்டிருந்தது. இரண்டு கணு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. சந்தேகமே இல்லை, சுண்டுவிரல்!

"என் கிண்ணத்துல என்னத்த ஊத்துனீங்க?"

"எனக்கே ஊட்டம் பத்தலை. இதுல உனக்கு வேற ஊத்துவேனாக்கும்!"

"தேதி, மணியோட எழுதி வச்சிருக்கேன்."

"எங்க, காட்டு."

அவள் நீட்டிய பாடநோட்டில் 'திசைப்புரதம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது: 7.10, சீராளன் குனிந்தான். 7.14, மறுபடியும் குனிந்தான்.

"அட, பாடத்த விட்டுட்டு என்னையவா படிச்ச?" அவன் சிரித்துக்கொண்டே தன் நோட்டை நீட்டினான்.

காந்திமதி இரண்டு முறை படித்தாள். சுண்டுவிரல் மொட்டின் ஓரத்துச் செல்கள் திசைப்புரதத்தைச் சுரக்கும். அது நீரில் பரவும். அருகே அதிகம், தொலைவில் குறைவு. எந்தச் செல்லுக்குள்ளும் அது நுழைவதில்லை. வாசலில் நிற்கும் காவல்புரதத்தின் கையைக் கட்டிவிடும், அவ்வளவுதான். காவலால் அடங்கிக் கிடந்த உள்தூதன் விடுபட்டு, செய்தி உட்கருவரை போகும். நிறைய வந்தால் சுண்டுவிரல். வரவே இல்லை என்றால் கட்டைவிரல்.

"அதுக்குத்தான் உன்னைப் பத்தாம் குழியில வச்சாங்க. என் பக்கத்துல வந்து குடியேறச் சொன்னது யாரு?"

யாரும் எதையும் ஊற்றவில்லை. எட்டு வாரமாக மொட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நனைத்தவள் அவளேதான். வேலை இனி அவனுக்கு.

மார்ச் 10. தவறு முழுவதும் என்னுடையது. நாளை செய்ய வேண்டியவை: புது மொட்டுக்கு விண்ணப்பம். கிண்ணத்தைப் பத்தாம் குழியில் வைப்பது. அங்கிருந்து சீராளனைப் பார்க்க ஒரு தொலைநோக்கி கேட்பது.