முகம் காட்டாத படம்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஹுமைத் கமராப் பெட்டியை இறக்கியபோது, பகல் வெளிச்சம் மூட்டத்தில் மங்கிக் கிடந்தது. செத்துப்போனவளை நாற்காலியில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் சேலையால் கட்டியிருந்தார்கள். ஊதுபத்தி வாசத்தை மீறி ஈரத் தேயிலை நெடி அடித்தது.

முகத்தைப் பார்த்ததும் ஹுமைத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

ஜெயலெட்சுமி. போன மாதம் பதுளையில் அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தவள். கல்யாணப் பேச்சுக்குப் படம் வேணும் என்றாள். கடையில் சிநேகிதர்கள் இருந்தார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க, "இந்தத் தேயிலைக் கறைக் கைய படத்துல எங்க புள்ள ஒளிக்கிற?" என்று கேட்டுவிட்டார். சிரிப்புச் சத்தத்தில் அவள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"காய்ச்சல்ல போயிட்டா மொதலாளி," என்றார் அவளுடைய தகப்பன் வீரய்யா. "வேற படமே இல்லீங்க. ஒருக்கா ஒங்க கடைக்கு வந்தா. பூட்டிக் கெடந்துச்சுன்னு சொன்னா."

ஹுமைத் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அங்கே அவர் முகம் யாருக்கும் தெரியாது.

அவள் கைகளை மடியில் வைத்துத்தான் படம் எடுத்தார்.

ஸ்டூடியோவின் இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ் மருந்துத் தட்டை மெல்ல ஆட்டினார். கண்ணாடித் தகட்டில் நாற்காலி தெரிந்தது. சேலை தெரிந்தது. கழுத்து மாலை தெரிந்தது.

முகம் இல்லை.

இரண்டு கைகள் அதைப் பொத்தியிருந்தன.

தாளில் பிரதி எடுத்தார். அதே கைகள். மருந்து வாடையோடு ஈரத் தேயிலை நெடி கலந்தது. பின்கழுத்தில் ஏதோ குளிர்ந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க," என்றது அவளுடைய குரல்.

கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

மறுநாள் லயத்துக்குப் போய் வீரய்யாவிடம், "படம் சரியா விழல்ல," என்றார்.

கிழவர் அந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். "ஒங்க மேல என்னங்க குத்தம்? அவளுக்குக் கொடுத்துவக்கல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஹுமைத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் ஹாலிஎலயிலிருந்து ஒரு குடும்பம் படமெடுக்க வந்தது. பெற்றோருக்கு முன்னால் சின்ன மகள் தனியாக வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். ஹுமைத் துணிக்குள் குனிந்தார். குழந்தை ஓரமாக நகர்ந்தாள்.

"ஏன்டி நகர்ற?" என்றாள் தாய்.

குழந்தை பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"கைய எடுங்கக்கா. அப்பதான் படம் எடுப்பாங்க."