வியாழக்கிழமைத் தோட்டா

டொக்! டொக்! டொக்!

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் டூகல் கிழவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

மனைவி ஐலா போய்ச் சேர்ந்த பிறகு, வியாழக்கிழமை தவிர அந்தக் கதவை யாரும் தொட்டதில்லை... காற்றுகூட! இன்றைக்குத் திங்கள்.

திறந்தார்.

கான்ஸ்டபிள் மெரே. பின்னால் பக்கத்துப் பண்ணை ரெக்.

"வாங்க, வாங்க! டீ போடட்டுமா? ஸ்கோன் ரொட்டி சூடா இருக்கு..."

"டூகல், குதிரைப் பண்ணை ட்ரெவர் செத்துட்டார்."

"ஐயையோ! குதிரை உதைச்சுதா?"

"நெஞ்சுல குண்டு. சுட்ட இடத்துல இது கிடந்துச்சு."

மேஜையில் சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு ஒன்று உருண்டது. அடியில் சிவப்புப் பொட்டு!

ஐலாவின் நகப்பூச்சு. டூகல் தன் கையால் நிரப்பும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் வைக்கும் பொட்டு.

"உங்களோடதுதானே?"

"என்னோடதேதான்."

வெடிமருந்தைக் கொசு இறகுக் கணக்கில் நிறுப்பவர் டூகல். எட்டு மாதம் மாற்றி மாற்றி நிரப்பி, மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போகும் அளவைப் பிடித்தார். கைதட்ட ஆளில்லை. ஓட்டை விழுந்த குறி அட்டையை ஐலாவின் படத்துக்குக் காட்டினார்!

"ஒத்துக்க பெருசு," என்றான் ரெக். "தனியாவே கிடந்து உனக்கு மூளை கலங்கிடுச்சு."

மெரே கைவிலங்கை எடுத்தாள்.

டூகல் கூட்டை விரலால் தடவினார். வெளிறினார். புரிந்துவிட்டது!

வாயைத் திறந்தால் விடுதலை. ஆனால்... வியாழக்கிழமை போய்விடும்!

கூட்டை மெரேயிடம் நீட்டினார்.

"மெரே, இதை என் ரைஃபிள்ல போட்டுப் பாரும்மா."

போட்டாள். பாதியில் சிக்கியது. பின்னால் அடைக்கும் போல்ட் மூட மறுத்தது!

"சுட்டதும் பித்தளை உப்பி, அந்த ரைஃபிள்ல தோட்டா உட்கார்ற வயித்துக்கு அச்சா மாறிடும். என்னுது ஒட்டின வயிறு. இது வேற வயித்துல பொறந்தது."

"யாருக்குத் தோட்டா குடுத்தீங்க?"

"யாருக்குமில்ல. ஒருத்தன் நிரப்பினதை இன்னொருத்தன் சுட மாட்டான். வேட்டைக்காரன் வழக்கம். இது திருட்டு."

"இங்க யாரெல்லாம் வருவாங்க?"

"ஒரே ஒருத்தன். வியாழக்கிழமை, நாலு மணிக்கு. ட்ரெவர் வேலியை நகர்த்தி நிலத்தை முழுங்கிட்டான்னு புலம்புவான்."

ரெக் வாசலுக்குப் பாய்ந்தான். மெரே காலை நீட்டினாள். தடால்!

அவன் வண்டியில் தொங்கிய ரைஃபிளில் கூட்டைப் போட்டாள்.

க்ளிக்! வெண்ணெயில் இறங்கிய கத்தி!

"ஏண்டா, டீ குடிக்க வந்தியா, திருட வந்தியா?" டூகலின் குரல் உடைந்தது.

"ரெண்டுக்கும்தான்... ஸ்கோன் நல்லாத்தான் இருந்துச்சு பெருசு."

போலீஸ் வண்டி கிளம்பியது. டூகல் மூச்சிரைக்க ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன, இன்னொரு ஆதாரமா?" என்றாள் மெரே.

"இல்லம்மா... ஜெயில்ல வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் பார்க்க விடுவாங்க?"